சிக்னல் குறைந்த இடத்தில்தான் விஷயம் இருந்தது: நானோவைரம், எம்.ஆர்.ஐ., ஒரு சென்னை ஆய்வகம்

தென் சென்னையில் உள்ள ஒரு கல்லூரி ஆய்வகத்தில் நடந்ததை முதலிலிருந்து முடிவுவரை எழுதி வைக்கிறேன். நான் அந்தக் குழுவில் இல்லை. பக்கத்து ஆய்வகத்தில் இருப்பவன், தளர்வு நேரக் கணக்குகளைப் பார்த்துக் கொடுக்க அழைத்தார்கள், அப்புறம் கடைசிவரை கூடவே இருந்தேன். சம்பந்தப்பட்டவர்கள் படித்துப் பார்த்துச் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். பெயர்களும் இடமும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டிருக்கிறேன். நானோவைரத்தை, அதாவது கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய வைரத் துகள்களை, வைத்துக் காந்த ஒத்ததிர்வு (எம்.ஆர்.ஐ.) சிக்னலைப் பெருக்கிப் பார்க்கலாம் என்று நம் ஊரில் இன்னும் சில இடங்களில் முயன்றுகொண்டிருக்கிறார்கள், அவர்களுக்கு இது நேரடியாக உதவும் என்பது என் எண்ணம்.

பின்னணி

எம்.ஆர்.ஐ. சிக்னல் இயல்பிலேயே ரொம்பப் பலவீனமானது. 3 டெஸ்லா காந்தத்துக்குள் நீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களை (புரோட்டான்களை) வைத்தால், காந்தப்புலத்தோடு சேர்ந்து நிற்பவற்றுக்கும் எதிராக நிற்பவற்றுக்கும் இடையிலான வித்தியாசம் 10 லட்சத்துக்கு 10 என்ற அளவில்தான் இருக்கும். அந்தச் சின்ன வித்தியாசத்தில் இருந்துதான் மருத்துவமனையில் நாம் பார்க்கும் படம் முழுக்க வருகிறது. காந்தத்தைச் சிறிதாக்கி 6.5 மில்லிடெஸ்லாவுக்குக் கொண்டுவந்தால் அது 100 கோடிக்கு 22 ஆகிவிடும். காந்தம் மலிவாகிறது, சிக்னலும் கிட்டத்தட்ட இல்லாமல் போகிறது.

எலக்ட்ரானின் காந்த வலிமை புரோட்டானைவிட 658 மடங்கு. இணை சேராத எலக்ட்ரான்களுக்குச் சரியான அதிர்வெண்ணில் ரேடியோ அலையைக் கொடுத்துக் கலைத்துவிட்டால், அவற்றின் ஒழுங்கு பக்கத்தில் இருக்கும் அணுக்கருக்களுக்குக் கைமாறும். இதை 1953-ல் இயற்பியலாளர் ஆல்பர்ட் ஓவர்ஹாசர் கணித்துச் சொன்னார். அப்போது பலர் நம்பவில்லை. அதே ஆண்டில் கார்வர், ஸ்லிக்டர் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் லித்தியம் உலோகத்தில் செய்து காட்டிவிட்டார்கள்.

நானோவைரம் இங்கே எப்படி வருகிறது? வைரத் துகளின் மேற்பரப்பில் அறுந்த பிணைப்புகள் நிறைய இருக்கும், ஒவ்வொன்றிலும் இணை சேராத எலக்ட்ரான் ஒன்று உட்கார்ந்திருக்கும். துகளைத் தொட்டுச் செல்லும் நீருக்கு இந்த எலக்ட்ரான்கள் தம் ஒழுங்கைக் கொடுக்க முடியும். 2017-ல் சிட்னி, ஹார்வர்டு ஆய்வாளர்கள் சேர்ந்து இதை 6.5 மில்லிடெஸ்லாவில் செய்து, நானோவைரம் இருக்கும் இடம் தனியாகத் தெரியும்படி படமே எடுத்தார்கள், நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வெளியானது. வைரத்துக்குள் இருக்கும் நைட்ரஜன்-வெற்றிடக் குறைகளை (ஒரு நைட்ரஜன் அணுவும் பக்கத்தில் ஒரு காலியிடமும் சேர்ந்தவை) பச்சை லேசரால் ஒழுங்குபடுத்தி, அங்கிருந்து கார்பன்-13 அணுக்கருக்களைப் பெருக்குவது வேறொரு வழி. அதற்கு லேசர், மைக்ரோவேவ் எல்லாம் வேண்டும் என்பதால் இந்தக் குழு அதற்குள் போகவில்லை.

ஏன் இவ்வளவு குறைந்த புலம் என்று கேட்கலாம். 3 டெஸ்லாவில் எலக்ட்ரானின் அதிர்வெண் 84 கிகாஹெர்ட்ஸ் வரும். அந்த அலையை நீர் அப்படியே விழுங்கிச் சூடாகிவிடும், உடம்புக்குள் போகாது. 6.5 மில்லிடெஸ்லாவில் 182 மெகாஹெர்ட்ஸ் போதும், அது நீருக்குள் தாராளமாக ஊடுருவும். புரோட்டான் சிக்னல் 277 கிலோஹெர்ட்ஸ் அருகே வரும்.

குழுவில் நான்கு பேர். பேராசிரியர், அவரை எல்லாரும் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். முனைவர் பட்ட ஆய்வு மாணவர் ஒருவர். எலக்ட்ரானிக்ஸில் கை தேர்ந்த ஆய்வக உதவியாளர், எங்கள் எல்லாருக்கும் அண்ணா. வெளியில் இருந்து ஒரு கதிரியக்க மருத்துவர். மருத்துவருக்கு இதில் அக்கறை வரக் காரணம் காடோலினியம், எம்.ஆர்.ஐ. படம் தெளிவாகத் தெரிவதற்காக ஊசியில் செலுத்தும் மருந்தில் உள்ள உலோகம். சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் காடோலினியம் கலந்த மருந்து செலுத்தினால் தோல் இறுகும் நோய் வரக்கூடும் என்பது 2006-ல் தெரியவந்தது, அதிலிருந்து அப்படிப்பட்ட நோயாளிகளுக்கு எழுதும்போது டாக்டர்கள் யோசித்துத்தான் எழுதுகிறார்கள். "என் பேஷண்ட்ஸ்ல பாதிப் பேருக்குக் கிரியேட்டினின் ஏறியிருக்கு, வேற ஏதாவது வழி இருந்தா சொல்லுங்க" என்று அவர் கேட்டதில் இருந்துதான் இந்த வேலை ஆரம்பித்தது.

முதலில் தெரிந்தது

வெடிப்பு முறையில் (வெடிமருந்தை வெடிக்கச் செய்து) செய்த, 5 நானோமீட்டர் அளவுத் துகள்கள் கொண்ட நானோவைரப் பொடியை வரவழைத்தார்கள். கரும்பழுப்பாக, அடுப்புக்கரித் தூள் போல இருக்கும், வைரம் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். காந்தச் சுருள்களை ஆய்வகத்திலேயே சுற்றினார்கள். கெப்பாசிட்டர்களும் கனெக்டர்களும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைத்தவை.

மாணவர் இரண்டு குழாய்கள் தயார் செய்தார். ஒன்றில் வெறும் நீர். இன்னொன்றில் நானோவைரம் கலந்த நீர். 182 மெகாஹெர்ட்ஸ் ஆம்பிளிஃபையரை ஓட விட்டு, சிக்னல் எடுக்கக் கொடுக்கும் ரேடியோ துடிப்பை ஒரு விநாடிக்கு ஒன்று என்று வைத்து இரண்டையும் அளந்தார். வைரம் கலந்த குழாயில் சிக்னல் கிட்டத்தட்ட 2.8 மடங்கு வந்தது. அன்றைக்கு ஆய்வகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒரு கருத்தரங்குக்குச் சுருக்கம் அனுப்பும் கடைசித் தேதி நெருங்கியிருந்தது, அதில் இந்த எண்ணைப் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த கட்டமாக மருத்துவர், உடம்பில் உள்ள திரவம் போன்ற ஒன்றில் செய்து பார்க்கலாமே என்றார். பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசலில் வைரத்தைப் போட்டார்கள். காலையில் கலக்கி வைத்த குழாயைச் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் அடியில் கறுப்பாக ஒரு விரல் அளவு படிந்திருக்கிறது, மேலே தண்ணீர் தெளிவாக நிற்கிறது. உப்பு சேர்ந்தால் துகள்களுக்கு இடையே உள்ள மின் விலக்கம் மறைக்கப்பட்டு அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இப்படிக் கட்டியான துகள்களில் உள்பக்கம் மாட்டிய மேற்பரப்பை நீர் தொடவே முடியாது. மேடம் அப்போதே ஒரு முடிவு எடுத்தார்: உப்புக் கரைசல் இப்போதைக்கு வேண்டாம், அயனி நீக்கிய நீரில் இயற்பியல் புரியும்வரை அங்கேயே இருப்போம். மருத்துவருக்கு இது ஏமாற்றம்தான். ஆனால் இரண்டு பிரச்சினைகளை ஒரே குழாயில் போட்டு ஆட்டினால் எது எதனால் வந்தது என்று பிரிக்கவே முடியாது, அந்த வகையில் அது சரியான முடிவு.

இன்னொரு சின்ன விஷயம் சென்னைக்காரர்கள் கவனிக்க வேண்டியது. இந்தப் பொடி காற்றில் உள்ள ஈரத்தை நன்றாகவே இழுக்கும். கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊரில் தராசில் வைத்ததும் எடை கண் முன்னால் ஏறிக்கொண்டே போகும். பொடியை ஓவனில் உலர்த்தி, மூடியோடு ஆற வைத்து எடை போட ஆரம்பித்த பிறகுதான் ஒரு கலவைக்கும் அடுத்த கலவைக்கும் ஒத்துப்போனது.

சிக்னல் விழுந்தது

அண்ணாவுக்கு ஆரம்பத்தில் இருந்தே ஒரு உறுத்தல். ரேடியோ அலை போகும் சுருளை வெறும் குழாயை வைத்து டியூன் செய்திருந்தார்கள். உள்ளே நீர் வந்ததும் சுருளின் ஒத்ததிர்வு கீழே இறங்கிவிடும், நீரின் மின்காப்பு மாறிலி அவ்வளவு அதிகம். அப்படியானால் ஆம்பிளிஃபையர் அனுப்பும் பவரில் பெரும்பகுதி உள்ளே போகாமல் திரும்பி வந்துவிடும். மீட்டர் வைத்துப் பார்த்தார், திரும்பி வந்துகொண்டுதான் இருந்தது. நீர்க் குழாயை வைத்தபடியே மறுபடி டியூன் செய்து கொடுத்தார்.

பவர் இப்போது ஒழுங்காக உள்ளே போகிறது. சிக்னல் பாதியாகக் குறைந்துவிட்டது.

மாணவர் மனம் உடைந்து போனார். பவர் சரியாகப் போனால் பெருக்கம் கூட வேண்டும், இங்கே இருந்ததும் போய்விட்டது. குழாய் கைக்கு வெதுவெதுப்பாக இருந்ததால் சூடுதான் காரணம் என்று முதலில் நினைத்தார்கள். பவரைக் குறைத்தால் சிக்னல் பழையபடி ஏறியது, கூட்டினால் இறங்கியது. "பழைய டியூனிங்கையே வெச்சுக்கலாம் மேடம், அதுலதான் நல்லா வருது" என்று மாணவர் கேட்டார். அவர் இடத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பார்கள், சுருக்கம் ஏற்கெனவே போய்விட்டது. மேடம் ஒத்துக்கொள்ளவில்லை. பவர் உள்ளே போகாத நிலையில் வந்த ஒன்றைப் பவரால் வந்த பெருக்கம் என்று எப்படி எழுதுவது என்று கேட்டார். இந்த முழு விவகாரத்தில் எடுத்த மிக முக்கியமான முடிவு என்று நான் நினைப்பது இதைத்தான்.

என்னைக் கூப்பிட்டது அப்போதுதான்.

கணக்கு

நான் முதலில் கேட்டது இரண்டு குழாய்களின் தளர்வு நேரம். அதாவது ஒரு துடிப்பால் கலைந்த காந்தமாக்கம் திரும்பத் தன் நிலைக்கு வர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பது. யாரும் அளந்திருக்கவில்லை. அளந்தோம். வெறும் நீரில் 2.7 விநாடி, வைரம் கலந்த நீரில் அரை விநாடி.

ஒரு விநாடிக்கு ஒரு துடிப்பு கொடுத்தால் வெறும் நீர் தன் முழு அளவில் 31 சதவீதம்தான் மீண்டிருக்கும், அதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிடும். வைரம் கலந்த நீர் 86 சதவீதம் மீண்டிருக்கும். 86-ஐ 31-ஆல் வகுத்தால் 2.8. சுருக்கத்தில் போன எண் அப்படியே வந்து நின்றது.

அதாவது எலக்ட்ரானில் இருந்து எதுவும் கைமாறவில்லை. காந்தத்தன்மை உள்ள எந்தப் பொருளை நீரில் போட்டாலும் தளர்வு வேகமாகும், காடோலினியம் மருந்து வேலை செய்வதும் அப்படித்தான். அதில் தவறில்லை, அது பயனுள்ள விஷயமும்கூட. 2010-ல் நானோவைரத்தோடு காடோலினியத்தைப் பிணைத்து, அதன் தளர்வுத் திறனைப் பத்து மடங்கு வரை ஏற்றியும் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அதை ஓவர்ஹாசர் பெருக்கம் என்று சொல்லக் கூடாது. ரேடியோ அலையை அணைத்துவிட்டு அதே இரண்டு குழாய்களை அளந்திருந்தால் அதே 2.8 வந்திருக்கும். பிறகு செய்து பார்த்தோம், வந்தது.

சரி, அப்படியானால் பவர் போனதும் பாதியானது ஏன்? பதில் ஆஸிலோஸ்கோப்பில், அதாவது சிக்னலின் வடிவத்தைத் திரையில் காட்டும் கருவியில், இருந்தது. அண்ணா வேறு எதற்காகவோ, லிஃப்ட் ஓடும்போது வரும் இரைச்சலைத் தேடி, டிடெக்டரின் வெளியீட்டைக் கணினிக்குப் போகும் முன்னாலேயே ஆஸிலோஸ்கோப்பில் இணைத்து வைத்திருந்தார். பவரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், "மேடம், இங்க வந்து பாருங்க, மேல இருந்த கூம்பு கீழ தொங்குது" என்றார். போய்ப் பார்த்தோம். பவர் இல்லாதபோது மேல்நோக்கி நின்ற சிக்னல் கூம்பு, பவர் ஏற ஏறக் குட்டையாகி, ஒரு இடத்தில் காணாமல் போய், அதற்கு மேல் ஏற்றினால் கோட்டுக்குக் கீழே முளைத்து வளர்ந்தது. கணினி நிரல் சிக்னலின் அளவை மட்டும் காட்டும்படி அமைக்கப்பட்டிருந்தது, மேலா கீழா என்பது அதில் தெரியாது.

எலக்ட்ரானும் புரோட்டானும் இருமுனைக் காந்தங்களாக ஒன்றையொன்று பாதிக்கும்போது வரும் பெருக்கத்துக்கு எதிர்க்குறி உண்டு. பவர் இல்லாதபோது வரும் சிக்னலை 1 என்று வைத்தால், கொள்கை அளவில் அது மைனஸ் 330 வரை போகலாம். பிளஸ் 1-ல் நிற்கும் சிக்னல் மைனஸ் பக்கம் போக வேண்டுமானால் நடுவில் பூஜ்யத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். மாணவர் பார்த்த அந்தப் பாதி என்பது பூஜ்யத்தை நோக்கிப் போகும் வழியில் ஒரு புள்ளி. பெருக்கம் ஆரம்பித்துவிட்டது என்பதற்கு அதுதான் முதல் அறிகுறி, அதைத்தான் கோளாறு என்று நினைத்து விட்டுவிட இருந்தார்கள்.

உறுதிப்படுத்தியது

கூம்பு தலைகீழானதை மட்டும் வைத்து நம்பிவிடக் கூடாது என்று மேடம் சொன்னார். சூடு, ரிசீவரின் கோளாறு, அலையின் கட்டம் (phase) பிசகுவது என்று வேறு காரணங்களையும் கழிக்க வேண்டும். அதற்குச் செய்த சோதனை எளிமையானது, யாரும் செய்யலாம். ரேடியோ அலை பாயும் நேரத்தில் மட்டும் காந்தப்புலத்தை 3 மில்லிடெஸ்லா தள்ளி வைத்து, சிக்னல் எடுக்கும் முன் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். 3 மில்லிடெஸ்லா என்றால் எலக்ட்ரானுக்கு 84 மெகாஹெர்ட்ஸ் விலகல், அலை இருந்தும் அதைத் தொடாது. அதே பவர், அதே சூடு, அதே ரிசீவர். கூம்பு மேல்நோக்கியே நின்றது, சூட்டினால் வந்த சிறு மாற்றம் மட்டும் தெரிந்தது. புலத்தைத் தள்ளாமல் விட்டதும் தலைகீழானது. வெறும் நீரில் இரண்டு நிலையிலும் எதுவும் நடக்கவில்லை.

ஆம்பிளிஃபையரின் உச்ச பவரில் பெருக்கம் மைனஸ் 1.5 அருகே நின்றது. 330 என்ற எல்லையோடு ஒப்பிட்டால் சொற்பம். வெடிப்பு நானோவைரத்தின் எலக்ட்ரான் கோடு அகலமானது, அதாவது எலக்ட்ரான்கள் ஒரே அதிர்வெண்ணில் இல்லாமல் பரவிக் கிடக்கும், அதை முழுமையாகக் கலைக்கக் கையில் இருந்த பவர் போதாது.

அப்புறம் பொடியின் தூய்மை. இந்த வகைப் பொடியில் செய்முறையில் இருந்து ஒட்டிக்கொண்ட இரும்பு போன்ற உலோகங்கள் இருக்க வாய்ப்புண்டு. இரும்பும் நீரின் தளர்வை வேகமாக்கும், ஆனால் 182 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அது பதில் சொல்லாது, பெருக்கத்தில் பங்கு கொடுக்காது. பொடியை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்க வைத்து, நன்றாகக் கழுவிச் சுழற்றி எடுத்தார்கள். கழுவிய நீர் மஞ்சளாக வந்தது. புதிய கலவையின் தளர்வு நேரம் அரை விநாடியில் இருந்து 0.7 ஆக நீண்டது. பழைய முறையில் ஒப்பிட்டால் இது முந்தையதைவிட மோசமான பொடி, வெறும் நீரைவிட 2.4 மடங்குதான் பிரகாசம். ஓவர்ஹாசர் பெருக்கமோ மைனஸ் 2.4-க்குப் போனது. இரண்டு எண்ணும் ஒரே மாதிரி வந்தது தற்செயல், ஆனால் ஒன்று இறங்கியபோது இன்னொன்று ஏறியது தற்செயல் இல்லை. முதல் அளவுகோலை வைத்தே பொடியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போயிருந்தால், இரும்பு அதிகமாக இருக்கும் பொடியைத்தான் நல்ல பொடி என்று வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

விளைவு

கருத்தரங்குச் சுருக்கத்தைத் திரும்பப் பெற்றார்கள். அமைப்பாளர்களுக்கு மேடமே கடிதம் எழுதினார், காரணத்தையும் மறைக்காமல் சொன்னார். மாணவருக்கு அந்த ஆண்டு அந்த மேடை கிடைக்கவில்லை, அது அவருக்கு நிஜமான இழப்பு, அதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். அடுத்த வாய்ப்பில் தலைகீழான கூம்பின் படத்தையும், புலத்தைத் தள்ளிச் செய்த சோதனையையும் வைத்து அவர் பேசினார், கேள்விகளுக்கு நின்று பதில் சொல்ல முடிந்தது.

மருத்துவரிடமும் நேராகப் பேசினார்கள். இது நோயாளியின் பக்கத்தில் வர நெடுநாள் ஆகும், இப்போதைக்குத் தண்ணீர்க் குழாயில் சிறிய பெருக்கம் என்பதுதான் நிலைமை என்றார்கள். அவர், "அதையே முதல்ல சொல்லியிருந்தாலும் நான் வந்திருப்பேன்" என்றார், இப்போதும் தொடர்பில் இருக்கிறார்.

இனி எப்படிச் செய்வார்கள்

வெறும் நீரோடு ஒப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். ஒரே குழாய், அதே இடம், ரேடியோ அலை ஒரு முறை போட்டு, ஒரு முறை அணைத்து. பெருக்கம் என்ற சொல்லை அந்த இரண்டின் விகிதத்துக்கு மட்டும்தான் எழுதுகிறார்கள், குறியோடு சேர்த்து. புதிய பொடி வந்ததும் முதலில் தளர்வு நேரம் அளக்கப்படுகிறது, அதற்குப் பிறகுதான் ஆம்பிளிஃபையர் பக்கமே போகிறார்கள். நிரலில் சிக்னலின் இரண்டு பகுதிகளும் கட்டத்தோடு சேமிக்கப்படுகின்றன, அளவு மட்டும் என்ற தெரிவை அண்ணா எடுத்தே விட்டார். திரும்பி வரும் பவர் எவ்வளவு என்பது ஒவ்வொரு அளவீட்டின் பக்கத்திலும் பதிவாகிறது.

இதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு, மேடத்திடமும் சொன்னேன். தளர்வு நேரத்தை ஆரம்பத்தில் ஒரு முறை அளந்தால் போதாது, ஒவ்வொரு நாளும் வேலை முடிந்த பிறகும் அளக்க வேண்டும். துகள்கள் மெல்ல மெல்லக் கட்டியாகும்போது அது முதலில் காட்டிக்கொடுக்கும் இடம் அதுதான், அடியில் கறுப்பாகப் படிந்து கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் அன்றைய பாதி அளவீடு வீணாகியிருக்கும். நேரம் போகிறது என்கிறார் மாணவர், இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

உப்புக் கரைசலுக்குத் திரும்பும் வேலை இப்போது தொடங்கியிருக்கிறது. துகளின் மேல் பாலிகிளிசரால் என்ற பாலிமரைப் பூசினால் உப்பிலும் கட்டியாகாமல் நிற்கும். ஆனால் பூச்சு கனமானால் நீர் மேற்பரப்பை நெருங்க முடியாது, பெருக்கம் குறையும். எவ்வளவு மெல்லியதாகப் பூசலாம் என்பதைத்தான் மாணவர் இந்தப் பருவத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறார். அண்ணா சுருளை மறுபடி சுற்றுகிறார், இந்த முறை உப்பு நீர்க் குழாயை உள்ளே வைத்தே டியூன் செய்யும்படி.